கனிமத்தை அழுத்தி எக்ஸ்-கதிரில் பார்க்க எங்கே போவது? வைரக் கலம், பெரிய பிரஸ், அதிர்வலை: ஓர் ஒப்பீடு

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளிடமிருந்து வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கடைசியாக வந்தவை மூன்று. ஒருவரிடம் சேலத்து மேக்னசைட் இருக்கிறது, ஊரில் வெள்ளைக்கல் என்பார்களே, அது. பூமிக்குள் கார்பனைச் சுமந்து போகும் கனிமம் என்பதால் அதை அழுத்திப் பார்க்க ஆசை. இன்னொருவரிடம் தக்காணத்துப் பசால்ட் குழிகளில் எடுத்த ஜியோலைட், நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம். மூன்றாமவர் கையில் கல் எதுவும் இல்லை, கேள்வி மட்டும் இருக்கிறது: பூமிக்குள் 660 கிலோமீட்டர் ஆழத்தில் ஒலிவின் குடும்பத்துக் கனிமங்கள் உடைந்து வேறாக மாறுகின்றனவே, அதில் கொஞ்சம் இரும்பும் நீரும் சேர்த்தால் என்ன ஆகும்?

மூவரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "சார், எந்தக் கருவியில் அதிக ஜிகாபாஸ்கல் போகலாம்?"

ஜிகாபாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. கேள்வி தவறில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் தேர்வு பெரும்பாலும் பிசகிப்போகும். இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு, 80 ஜிகாபாஸ்கல் வரை எடுத்த அழகான தரவு கையில் இருந்தும் தன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லா வழியிலும் அடிப்படை ஒன்றுதான். படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. எக்ஸ்-கதிர் அவற்றில் பட்டுச் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாக வெளிவந்து, படத்தில் வளையங்களாகவும் கோடுகளாகவும் பதிகிறது. கல்லை அழுத்தினால் அடுக்குகள் நெருங்கும், கோணங்கள் விரியும். கட்டமைப்பே மாறினால் பழைய கோடுகள் மறைந்து புதிய கோடுகள் தோன்றும்.

கோடுகள் எவ்வளவு நகரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒலிவினை 1 ஜிகாபாஸ்கல், அதாவது சுமார் 10,000 வளிமண்டல அழுத்தம் கொடுத்து அழுத்தினாலும் அதன் கன அளவு முக்கால் விழுக்காடு சொச்சமே குறையும். அடுக்குகளுக்கு இடையிலுள்ள தூரம் சராசரியாகக் கால் விழுக்காடு குறையும், அவ்வளவுதான். குவார்ட்ஸ் மென்மையானது, அது மூன்று மடங்குக்கு மேல் சுருங்கும். இத்தனை சிறிய நகர்வைத்தான் நாம் அளக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நான் பார்ப்பவை ஐந்து. எட்ட வேண்டிய அழுத்தம் எவ்வளவு. சூடு வேண்டுமா, வேண்டுமென்றால் அது எவ்வளவு சீராக இருக்க வேண்டும். மாதிரி எவ்வளவு வேண்டும். காலமும் செலவும் என்ன. ஐந்தாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: அந்த இடத்தில் அழுத்தம் இவ்வளவு என்று எனக்கு யார் சொல்கிறார்கள்?

இந்த ஐந்தையும் எழுதி வைத்துக்கொண்டு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் எந்த எண் தப்பாகப் போனால் என் கேள்வியே செத்துப்போகும்? அந்த எண்ணை நன்றாக அளக்கும் கருவிதான் உங்கள் கருவி. மற்றவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள அட்டவணையில் வரும் சிங்க்ரோட்ரான் என்பது, எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி மிகப் பலமான எக்ஸ்-கதிர் தரும் பெரிய நிலையம். மற்ற கருவிகளைப் பின்னால் ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

| பார்க்க வேண்டியது | ஆய்வக வைரக் கலம் | சிங்க்ரோட்ரானில் வைரக் கலம் | சிங்க்ரோட்ரானில் பெரிய பிரஸ் | அதிர்வலை |
|---|---|---|---|---|
| வழக்கமாக எட்டும் அழுத்தம் (ஜிகாபாஸ்கல்) | 30 வரை நிம்மதியாக | 100-ஐத் தாண்டியும் | 25 முதல் 28 வரை. சிறப்புப் பட்டடை இருந்தால் மேலும் | நூற்றுக்கணக்கில் |
| சூடு | அறை வெப்பம். ஹீட்டர் இருந்தால் சில நூறு டிகிரி | லேசரால் ஆயிரக்கணக்கான கெல்வின், ஆனால் சீரற்றது | சுமார் 2000 டிகிரி செல்சியஸ் வரை, சீரானது | அழுத்தத்தோடு தானாக வரும் |
| மாதிரி | ஓரிரு மைக்ரோகிராம் | அதற்கும் குறைவு போதும் | மில்லிகிராம் கணக்கில் | மெல்லிய தகடு |
| ஒரு படம் எடுக்க | மணிக்கணக்கில் | வினாடிகள் | பெரும்பாலும் நிமிடங்கள் | நானோவினாடிகள் |
| காத்திருப்பு | சில வாரம் | அரை வருடம், அதற்கு மேலும் | அதே | அதைவிட அதிகம் |
| எளிதில் தப்பாகும் எண் | கோடுகளின் பலம் | வெப்பநிலை | அழுத்த அளவுகோல் | நேரம் போதாமை |

## ஆய்வகத்திலேயே வைரக் கலம்

இரண்டு வைரங்களின் கூர்முனைகளைத் தட்டையாகச் சீவி எதிரெதிரே வைத்து, நடுவில் துளையிட்ட உலோகத் தகடு ஒன்றைச் செருகி, அந்தத் துளைக்குள் கல்லை வைத்து நெரிப்பது. இதை வைரப் பட்டடைக் கலம் என்கிறோம், பேச்சில் 'செல்'. 1959-இல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிலையத்தில் வேய்ர், லிப்பின்காட், வான் வால்கன்பர்க், பன்டிங் ஆகியோர் வெளியிட்ட வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை. கருவி உள்ளங்கையில் அடங்கும், திருகாணியைக் கையால் திருகினாலே போதும். சி.வி. ராமனிடம் பணியாற்றி, பிறகு பெல் ஆய்வகத்துக்குப் போன ஏ. ஜெயராமன் இந்தக் கலத்தைப் பற்றி 1983-இல் எழுதிய நீண்ட ஆய்வுரையைத்தான் புதிதாக வருபவர்களுக்கு இன்றும் முதலில் படிக்கக் கொடுக்கிறோம்.

"எங்கள் துறையில் எக்ஸ்-கதிர்க் கருவி இருக்கிறது, செல் மட்டும் வாங்கினால் போதுமா?" என்று கேட்பவர்கள், கருவிக்குள் என்ன குழாய் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கல்லூரிகளில் பெரும்பாலும் செம்புக் குழாய். கதிர் இரண்டு வைரங்களையும் கடக்க வேண்டும், சேர்த்து 4 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்புக் குழாயின் கதிரில் ஆயிரத்தில் மூன்று பங்குகூட மறுபக்கம் வராது. மாலிப்டினம் குழாய் என்றால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வரும், வெள்ளிக் குழாய் என்றால் பாதிக்கு மேல். செம்புக் குழாய் மட்டும் இருந்தால் இந்த வழியை விட்டுவிடலாம்.

மாதிரி எவ்வளவு சிறிது என்பதைக் கையால் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அல்லது ரீனியம் தகட்டை முதலில் வைரங்களுக்கு நடுவே அழுத்தி 40 மைக்ரானுக்கு மெலிக்கிறோம். அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் 150 மைக்ரான் துளை. அதை முழுதாக நிரப்பினாலும் கல்லின் எடை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். நுண்ணோக்கியின் கீழே ஊசிமுனையால் ஒரு துகளைத் தொட்டால் அது ஊசியிலேயே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் காணாமல் போகும். துளைக்குள் கல்லை வைத்தாயிற்று என்று நிமிர்ந்து, அப்புறம் அழுத்தத்தைக் காட்டும் ரூபித் துகளை வைக்கக் குனிந்தால் கல் வைரத்தின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். என் முதல் வெற்றிகரமான லோடிங்குக்குப் பதினோரு நாள் ஆனது. புதிதாக வருபவர்கள் இதற்கு ஒரு மாதத்தையாவது ஒதுக்குங்கள். இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவே இந்த ஒரு மாதம்தான்.

அழுத்தத்தைச் சொல்வது ரூபி. பச்சை அல்லது நீல லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பின் கோடு சாதாரணமாக 694.2 நானோமீட்டரில் இருக்கும், 1 ஜிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் நகரும். எளிய, நம்பகமான முறை. ஆனால் நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரூபிக் கோடு சூட்டுக்கும் நகரும். ஏசி ஓடாமல் அறை 6 டிகிரி சூடானாலே 0.1 ஜிகாபாஸ்கல் ஏறியதுபோலக் காட்டும். மென்மையான கனிமத்தை 5 ஜிகாபாஸ்கலுக்குள் ஆராய்பவருக்கு இது சின்னப் பிழை அல்ல. ஒவ்வொரு அளவீட்டோடும் அறை வெப்பநிலையை எழுதி வையுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்குப் பல மணி நேரம், சில சமயம் முழு இரவு ஆகும். கதிர்க்கற்றை அகலமாக இருந்தால் துளையின் ஓரத்தைத் தொட்டு, தகட்டின் கோடுகளும் படத்தில் ஏறிவிடும். வைரங்களின் பின்புறம் திறந்திருக்கும் கோணம் குறைவு என்பதால் எல்லாக் கோடுகளும் கிடைக்காது. துகள்கள் சிலவே இருப்பதால் வளையங்கள் புள்ளி புள்ளியாக வரும். அதனால் கோடுகளின் இடத்தை நம்பலாம், பலத்தை அவ்வளவாக நம்ப முடியாது. அணுக்களின் இருப்பிடம் வரை கணக்கிட வேண்டும் என்றால் தூளை விட்டுவிட்டு ஒற்றைப் படிகத்தை வையுங்கள். ஆய்வகக் கருவியிலேயே 10 ஜிகாபாஸ்கலுக்குள் அது மிக நல்ல தரவைக் கொடுக்கும்.

அறை வெப்பத்தில் ஒரு கனிமம் எவ்வளவு சுருங்குகிறது, எந்தத் திசையில் அதிகம், எங்கே கட்டமைப்பு மாறுகிறது: உங்கள் கேள்வி இந்த அளவில் இருந்தால் இதுவே போதும். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உயர் அழுத்த எக்ஸ்-கதிர்ப் பணி நெடுநாளாக நடக்கிறது, பல சேர்மங்களின் மாற்றங்கள் அங்கே ஆய்வகக் கருவியிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் நாளைக்கே மறுபடி அளக்கலாம். வெளிநாட்டுக் கருவியில் அந்த வசதி கிடைக்காது.

## வைரக் கலத்தோடு சிங்க்ரோட்ரானுக்கு

அதே செல்தான், கதிர் மட்டும் வேறு. சிங்க்ரோட்ரான் கற்றையைச் சில மைக்ரானுக்குக் குவிக்கலாம், படம் வினாடிகளில் வந்துவிடும். சிறிய முனையுள்ள வைரங்களை வைத்து 100 ஜிகாபாஸ்கலைத் தாண்டலாம். நடுவிலிருந்து ஓரம்வரை புள்ளி புள்ளியாக நகர்த்தி, அழுத்தம் எங்கே எப்படி மாறுகிறது என்றும் பார்க்கலாம். ஆய்வகத்தில் ஒரு மாதம் பிடிக்கும் அழுத்தத் தொடரை இங்கே ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இந்திய ஆய்வாளர்களுக்கு இந்தூரில் இந்தஸ்-2 என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது. அதன் பிஎல்-11 கற்றைத்தடம் (கற்றை வந்து சேரும் ஆய்வு இடம்) இத்தகைய உச்ச நிலை ஆய்வுகளுக்கானது. வெளிநாடு என்றால் ஹாம்பர்கின் பெட்ரா-3, ட்ரியெஸ்ட்டில் இந்திய–இத்தாலியக் கூட்டு முயற்சியில் உருவான எக்ஸ்பிரஸ் தடம், ஜப்பானின் ட்சுகுபாவில் இந்தியத் தடம் ஆகியவை நமக்கு ஓரளவு எட்டும் தூரத்தில் உள்ளன.

சூடும் அழுத்தமும் சேர்ந்து மிக ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால் இதை விட்டால், அழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைத்துப் பார்க்கும் வழி வேறில்லை. 2004-இல் முரகாமி, ஹிரோசே குழுவினர் மெக்னீசியம் சிலிக்கேட் பெரோவ்ஸ்கைட்டைச் சுமார் 125 ஜிகாபாஸ்கல், 2500 கெல்வினில் வைத்து ஜப்பானின் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரானில் பார்த்தபோதுதான் பிந்தைய பெரோவ்ஸ்கைட் என்ற புதிய கட்டமைப்பு தெரியவந்தது. பூமியின் கருவத்துக்குச் சற்று மேலே நில அதிர்வலைகள் காட்டிவந்த புதிருக்கு அது திறவுகோலானது. வழக்கமான பெரிய பிரஸ்ஸில் அந்த அழுத்தத்தைத் தொட்டிருக்க முடியாது.

சரி, பலவீனம் எங்கே? வெப்பநிலையில். லேசர் சூடாக்குவது இருபது முப்பது மைக்ரான் அகலமுள்ள ஒரு புள்ளியை. வைரமோ வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் பொருள், வைரத்தைத் தொடும் பக்கம் உடனே குளிர்ந்துவிடும். அதனால் மேலும் கீழும் உப்பு, நியான் போன்ற காப்பு அடுக்கு வைக்க வேண்டும். வைத்தாலும் புள்ளியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் நூற்றுக்கணக்கான டிகிரி வித்தியாசம் இருக்கும். ஒளிரும் நிறத்தை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிடுகிறோம், அதில் நூறு கெல்வின் பிழை சாதாரணம். சுமார் 1000 கெல்வினுக்குக் கீழே ஒளிர்வே போதாது.

சேலத்து மேக்னசைட் நண்பருக்கு இங்கே தனியாக ஒரு சொல். வெள்ளை நிறக் கார்பனேட் வழக்கமான 1 மைக்ரான் அலைநீள லேசரை உறிஞ்சாது, கதிர் ஊடுருவிப் போய்விடும். பிளாட்டினம் தூள் கலக்கலாம், அது அழுத்தமானியாகவும் பயன்படும். ஆனால் சூட்டில் அது மாதிரியோடு வினைபுரிகிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன்-டை-ஆக்சைடு லேசர் உள்ள இடம் கிடைத்தால் கலப்பே வேண்டாம், அந்த அலைநீளத்தைக் கார்பனேட் தானே உறிஞ்சும்.

அப்புறம் நேரம். விண்ணப்பம் எழுதி, தேர்வாகி, கற்றை கையில் கிடைக்கக் குறைந்தது அரை வருடம். கிடைப்பதோ எட்டு எட்டு மணி நேர ஷிஃப்டுகளாகச் சில. ஒரு முறை மூன்றாவது ஷிஃப்டில், விடியற்காலை மூன்று மணிக்கு, திரையில் வளையங்கள் பளிச்சென்று வந்தன. மாதிரி மாறிவிட்டது என்று பத்து நிமிடம் மகிழ்ந்தோம். கோணங்களைக் கணக்கிட்டால் எல்லாம் ரீனியத்தின் கோடுகள். துளை சிறுத்து ஓரத்துக்கு நழுவியிருக்க, நாங்கள் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். துளை நட்டநடுவில் விழவில்லை என்பதை ஊரிலேயே கவனித்திருக்க வேண்டும். "பரவாயில்லை, சமாளிக்கும்" என்று நான்தான் எடுத்துப் போனேன். அந்தக் கனிமத்துக்கு மறுபடி கற்றை கிடைக்க ஒரு வருடம் ஆனது. அதிலிருந்து, ஒரு பயணத்துக்கு மூன்று செல்லாவது ஏற்றாமல் நான் கிளம்புவதில்லை.

ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டயாப்டாஸ் போன்ற இலவச மென்பொருளால் வளையங்களைக் கோடுகளாக்குவது எளிதாகிவிட்டது. ஆனாலும் ஒரு வாரத் தரவை ஒழுங்காகப் பகுத்து முடிக்க ஆறு மாதம் போய்விடும்.

## பெரிய பிரஸ்ஸில் பல பட்டடை

டங்ஸ்டன் கார்பைடால் ஆன எட்டுக் கனசதுரங்கள். உள்நோக்கிய மூலைகளைச் சீவி, நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு எண்முகி ஒன்றைப் பொதித்து, பெரிய நீரியல் பிரஸ் எல்லாப் பக்கமும் ஒன்றாக நெரிக்கிறது. இது ஜப்பானின் கவாய் வடிவமைப்பு. எண்முகிக்குள் கல், அதைச் சுற்றி ஹீட்டர் குழாய், பக்கத்தில் வெப்பமானிக் கம்பி. கனசதுரங்களின் இடுக்கு வழியாகக் கதிர் உள்ளே போய் வெளியே வரும். மாதிரி ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும், வைரக் கலத்தில் உள்ளதைப் போல ஆயிரம் மடங்கு.

பெரிய மாதிரி என்றால் வெப்பம் சீராகப் பரவும், துகள்கள் ஏராளமாக இருக்கும், வினை நன்றாக முற்றும். முடிந்தபின் கல்லை வெளியே எடுத்து வெட்டி, எந்தக் கனிமத்தில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு நீர் என்று மின்னணு நுண்ணோக்கியிலும் மற்ற கருவிகளிலும் பார்க்கலாம். பல கனிமங்கள் ஒன்றாக இருக்கும் ஆய்வுகளுக்கு இது பெரிய வரம். ஜெர்மனியின் பைராய்ட்டில் பவேரிய புவிக்கழகம், ஜப்பானில் மிசாசா, எஹிமே ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். பெட்ரா-3-இலும் ஸ்பிரிங்-8-இலும் கற்றையோடு சேர்ந்தே பிரஸ் உண்டு.

சீரான சூடு, பெரிய மாதிரி, கம்பி வைத்து அளந்த வெப்பநிலை. கேட்டால் குறையே இல்லாத கருவி மாதிரி இருக்கும். ஆனால் இந்த வழியில் தடுக்கிவிழும் இடம் அழுத்த அளவுகோல்தான், அதற்கு 660 கிலோமீட்டர் கதையைவிட நல்ல பாடம் இல்லை.

ஒலிவினின் கடைசி வடிவமான ரிங்வுடைட் உடைந்து பிரிட்ஜ்மனைட்டும் (மேலே சொன்ன மெக்னீசியம் சிலிக்கேட் பெரோவ்ஸ்கைட்தான்) ஃபெரோபெரிக்கிளேஸும் ஆகும் மாற்றம்தான் 660 கிலோமீட்டர் எல்லைக்குக் காரணம் என்று நெடுநாளாகக் கருதப்பட்டது. அந்த ஆழத்தின் அழுத்தம் சுமார் 23.5 ஜிகாபாஸ்கல். 1998-இல் இரிஃபுனே குழுவினர் ஸ்பிரிங்-8-இல் பெரிய பிரஸ்ஸை வைத்து, மாற்றம் நடக்கும்போதே எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். 1600 டிகிரி செல்சியஸில் அது சுமார் 21 ஜிகாபாஸ்கலிலேயே நடந்தது. 2 ஜிகாபாஸ்கல் சொச்சம் குறைவு. ஆழமாக மாற்றினால் எல்லை 600 கிலோமீட்டர் பக்கம் வந்திருக்க வேண்டும். நில அதிர்வலைகளோ 660 என்று அடித்துச் சொல்கின்றன. அப்படியானால் கனிமக் கொள்கையே தப்பா?

2001-இல் ஷிம், டஃபி, ஷென் ஆகியோர் லேசர் சூட்டிய வைரக் கலத்தில் பார்த்தபோது மாற்றம் 660 கிலோமீட்டரோடு ஒத்துப்போனது. ஒரே மாற்றம், இரண்டு கருவி, இரண்டு பதில்.

வேறுபாட்டின் பெரும்பகுதி கருவியில் இல்லை, அளவுகோலில் இருந்தது. பெரிய பிரஸ்ஸுக்குள் ரூபி வைக்க வழியில்லை. மாதிரியோடு தங்கத் தூள் வைத்து, தங்கத்தின் கோடுகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, தங்கத்தின் சுருக்கச் சமன்பாட்டிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம். அந்தச் சமன்பாடு சூட்டில் எவ்வளவு சரி? ஒரே தங்கக் கோட்டுக்கு வேறு வேறு ஆய்வாளர்களின் சமன்பாடுகள் அந்த வெப்பத்தில் ஓரிரு ஜிகாபாஸ்கல் வித்தியாசப்பட்டன. 2004-இல் ஃபெய் குழுவினர் மெக்னீசியம் ஆக்சைடை அளவுகோலாக வைத்துப் பெரிய பிரஸ்ஸிலேயே மறுபடி செய்தபோது இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. அழுத்தம் வெப்பமானிக் கம்பியின் மின்னழுத்தத்தையும் சற்று மாற்றுகிறது என்பது இன்னொரு பக்கம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் இரண்டு. அழுத்தமானியாக ஒரே உலோகத்தை வைக்க மாட்டேன். தங்கமும் மெக்னீசியம் ஆக்சைடும் சேர்த்து வைப்பேன். கட்டுரையில் அழுத்தத்தை மட்டும் எழுத மாட்டேன், தங்கத்தின் கன அளவையும் எழுதுவேன். பத்து வருடம் கழித்து நல்ல சமன்பாடு வந்தால் வேறொருவர் என் தரவை அப்படியே மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், ஒவ்வொரு ரன்னுக்கும் உள்பாகங்களைப் புதிதாகக் கையால் கோக்க வேண்டும், அதற்கே ஒன்றிரண்டு நாள். கனசதுரங்கள் உடையும், அவை விலை அதிகம். அழுத்தத்தை இறக்குவதுதான் மிக நுட்பமான கட்டம். அவசரப்பட்டால் உள்ளே வெடித்து எல்லாமே போய்விடும், அதனால் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறக்குவார்கள். முக்கியமாக, இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. அங்கே இருக்கும் குழுவில் ஒருவரோடு சேர்ந்து செய்யும் ஏற்பாட்டை விண்ணப்பத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

## அதிர்வலை

தகட்டை வேகமாக மோதவிட்டோ லேசரால் அடித்தோ கனிமத்துக்குள் அதிர்வலையைச் செலுத்தி, அது ஓடும் சில நானோவினாடிக்குள் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பது. அமெரிக்காவின் ஆர்கான் சிங்க்ரோட்ரானிலும், ஸ்டான்ஃபோர்டு, ஹாம்பர்க் எக்ஸ்-கதிர் லேசர்களிலும் இதற்கு வசதி உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு இது தேவைப்படாது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒன்று ஏறினால் மற்றதும் கூடவே ஏறும். நிலையான முறையில் தெரியும் கட்டமைப்பு நானோவினாடியில் உருவாக நேரம் போதாமலும் போகலாம். குவார்ட்ஸை அதிர்வலையால் அழுத்தியபோது, எதிர்பார்த்த ஸ்டிஷோவைட்டுக்கு (சிலிக்காவின் அடர்ந்த வடிவம்) பதிலாகக் குறைபாடுகள் நிறைந்த வேறொரு கட்டமைப்பு வந்ததாக ட்ரேசி குழுவினர் 2020-இல் காட்டினார்கள்.

ஆனால் கேள்வியே விண்கல் மோதலைப் பற்றியது என்றால், உதாரணமாக லோனார் பள்ளத்துப் பசால்ட்டின் ஃபெல்ட்ஸ்பார் எப்படிக் கண்ணாடியானது என்றால், இதுதான் சரியான வழி. அழுத்தத்தைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சிறப்பும் உண்டு: அலையின் வேகத்தையும் பொருள் நகரும் வேகத்தையும் அளந்து இயக்க விதிகளிலிருந்து நேராக அழுத்தத்தைப் பெறலாம். மேலே சொன்ன தங்க, பிளாட்டின அளவுகோல்கள்கூட பெருமளவு இத்தகைய அதிர்வலைத் தரவுகளின் மேல்தான் நிற்கின்றன.

## எந்த வைரக் கலத்துக்கும் பொதுவான செலவு: ஊடகம்

துளைக்குள் கல்லைச் சுற்றி எதை நிரப்புகிறீர்கள் என்பது பல சமயம் கருவியைவிட முக்கியமாகிவிடும். எதையும் நிரப்பாமல் தூளை மட்டும் அழுத்தினால் அழுத்தம் ஒரு திசையில் அதிகமாக விழும், கோடுகள் பரந்துபோகும், கல் உண்மையைவிடக் கடினமானது போலத் தெரியும்.

மெத்தனாலும் எத்தனாலும் 4-க்கு 1 கலந்த கலவை சுமார் 10 ஜிகாபாஸ்கல் வரை திரவமாக நின்று எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். மலிவு, சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி விட்டால் போதும். நியான் சுமார் 5 ஜிகாபாஸ்கலில் உறைந்தாலும் 15 வரை மென்மையாக இருக்கும். ஹீலியம் எல்லாவற்றிலும் மென்மையானது, ஆனால் அதை ஏற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் வாயு ஏற்றும் கருவி வேண்டும். எல்லா இடத்திலும் அது இருக்காது.

ஜியோலைட் நண்பருக்கு இதுதான் உயிர்நாடி. ஜியோலைட் முழுக்கத் துவாரங்கள். நீர் கலந்த ஊடகத்தில் நேட்ரோலைட் என்ற ஜியோலைட்டை அழுத்தினால், சுமார் 1 ஜிகாபாஸ்கலில் நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அதன் கன அளவு கூடுகிறது. அழுத்த அழுத்தச் சுருங்க வேண்டிய கல் வீங்குகிறது! ஹீலியமும் சிறிய அணு, திறந்த கட்டமைப்புக்குள் நுழைந்துவிடும். சிலிக்கா கண்ணாடிக்குள்ளேயே நுழைகிறது. ஆகவே இவர் ஒரே ஜியோலைட்டை இரண்டு ஊடகத்தில் அழுத்த வேண்டும்: உள்ளே புக முடியாத பெரிய மூலக்கூறுள்ள சிலிகோன் எண்ணெயில் ஒன்று, நீர் கலந்த ஆல்கஹாலில் ஒன்று. இரண்டு வரைபடத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் அவருடைய ஆய்வேடு. தேவையான அழுத்தம் 5 ஜிகாபாஸ்கலுக்குள், சூடு வேண்டாம். மாலிப்டினம் குழாயுள்ள ஆய்வகக் கருவியே போதும்.

## மூவருக்கும் சொன்னது

ஜியோலைட்காரருக்கான பதில் மேலேயே வந்துவிட்டது. மேக்னசைட்காரர் இரண்டு கேள்வியை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தார். சேலத்து மேக்னசைட்டின் சுருக்கம் மட்டும் வேண்டும் என்றால் ஆய்வக செல்லில் 10 ஜிகாபாஸ்கல் வரை ஆல்கஹால் கலவையோடு தொடங்கலாம். அந்தக் கல் இயல்பாகவே மிக நுண்ணிய துகள்களால் ஆனது என்பதால் வளையங்கள் நிறைவாக வரும். ஆனால் அதில் சிலிக்கா கலந்திருக்கும், முதலில் சாதாரண அழுத்தத்தில் ஒரு படம் எடுத்துக் குவார்ட்ஸ் கோடுகளைக் குறித்து வைக்கச் சொன்னேன். ஆழத்தில் கார்பன் என்ன ஆகிறது என்பதுதான் ஆசை என்றால் லேசர் சூடு இல்லாமல் முடியாது. மேக்னசைட் வேறு வடிவத்துக்கு மாறுவது 115 ஜிகாபாஸ்கல் பக்கம்தான். அது இரண்டாவது திட்டம், தனி விண்ணப்பம்.

660 கிலோமீட்டர்காரருக்குத் தயக்கமில்லாமல் பெரிய பிரஸ். இரும்பும் நீரும் எந்தக் கனிமத்துக்குள் போயின என்று அளக்க வேண்டும், அதற்கு வெளியே எடுத்து வெட்டிப் பார்க்கக்கூடிய அளவு மாதிரி வேண்டும். வைரக் கலத்தில் அழுத்தம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் வெப்பச் சரிவு இரும்பை ஒரு பக்கமாக இழுத்துவிடும். வெளிநாட்டுக் குழு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமே என்று வருத்தப்பட்டார். அந்த ஆறு மாதத்தில் தன் தொடக்கப் பொருள்களைத் தானே தயாரித்து, அவற்றின் இரும்பளவையும் நீரளவையும் துல்லியமாக அளந்து வைக்கச் சொன்னேன். பிரஸ்ஸில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் பயனில்லை.

பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. ஏற்றிய செல்லைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என்ன கருவி என்று விளக்கும் கடிதம் ஒன்றைத் துறைத் தலைவரிடம் வாங்கி உடன் வையுங்கள். கிளம்பும் அன்று ரூபியை அளந்து, அறை வெப்பநிலையோடு குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கியதும் கற்றைக்குள் வைக்கும் முன் மறுபடி ஒரு முறை அளங்கள். வழியில் திருகாணி தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.